வெறும் மரத்தில் ஒரு பரிசு



நோர்வேக்கு வந்த முதல் குளிர்காலத்திலேயே எங்களைத் திணறடித்த விடயம் பிள்ளையின் வகுப்பிலிருந்து வந்த பிறந்தநாள் அழைப்புகள்தான். ஒன்று முடிய இன்னொன்று. பின்னாலேயே நத்தார். குளிர் உடுப்புகள் கொண்டுவந்து தந்த மேல்வீட்டு அம்மா, மொழிவகுப்பு ஆசிரியை என்று நன்றி சொல்லவேண்டியவர்களும் பலர். கையில் காசு மட்டு. வெறுங்கையோடு போக மனம் வராது.

இன்னொரு சங்கடமும் உண்டு. ஊரில் பரிசை வாங்கி ஒரு பக்கத்தில் வைத்துவிட்டு, வந்தவர்கள் போன பிறகுதான் பிரிப்போம். இங்கே கொடுத்தவரின் முன்னாலேயே பிரித்துப் பார்க்கிறார்கள். மலிவுக் கடையில் வாங்கிய சாமானைக் கொடுத்துவிட்டு நாங்கள் நிலத்தைப் பார்த்த நாட்களும் உண்டு.

அப்போதுதான் மரச்சாமானில் வர்ணம் தீட்டிக் கொடுக்கலாம் என்று தோன்றியது. ஃப்ரெடெக்ஸ் போன்ற பழைய சாமான் கடைகளில் மரத் தட்டு, சிறுபெட்டி, கொளுவி என்று எளிய சாமான்கள் மலிவாகக் கிடைக்கும். நாங்கள் ஒரு வெட்டுப்பலகையை வாங்கி, நடுவில் பெரிய தாமரை ஒன்றைத் தீட்டி, மேல்வீட்டு அம்மாவிடம் கொடுத்தோம். அவர் மகிழ்ந்துபோய் அன்றே அதில் பாண் வெட்டினார். தாமரையின் பாதி பாணோடு போய்விட்டது!

வெட்கமாகப் போயிற்று. அவரோ சிரித்துவிட்டுத் தன் பாட்டியின் பெட்டகத்தைக் காட்டினார். ஆம், எங்கள் ஊர்ப் பெட்டகம் போன்றதேதான். முகப்பு முழுவதும் சுருள் சுருளாகக் கொடியும் பூவும், மேலே பாட்டியின் பெயரும் ஆண்டும். இந்த வேலைப்பாட்டுக்கு ரூசெமோலிங் என்று பெயர். 18ஆம் நூற்றாண்டில் இந்நாட்டின் பள்ளத்தாக்குக் கிராமங்களில் பரவியது. தெலமார்க், ஹாலிங்டால் என்று ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பாணி. 1894இல் தொடங்கப்பட்டு, இப்போது ஒஸ்லோவின் பிக்டொய் பகுதியில் உள்ள நாட்டார் அருங்காட்சியகத்துக்குப் போனால் இவற்றைக் கண்ணாரப் பார்க்கலாம். உற்றுப் பார்த்தால் பெரும்பாலும் ஆங்கில சி, எஸ் எழுத்துகள் போன்ற இரண்டு வளைவுகள்தான். சேலைக் கரையில் மாங்காய் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இது புதிதல்ல.

எங்கள் பிழை இரண்டு. எண்ணெய் ஊறிய பலகையைத் தேய்க்காமல் தீட்டியது ஒன்று. உணவு படும் இடத்தில் தீட்டியது மற்றது. இரண்டாவதுதான் பெரிய பிழை. வெட்டுப்பலகையென்றால் பிடியில் மட்டும், அகப்பையென்றால் காம்பின் மேற்பாதியில் மட்டும் தீட்டுங்கள். பாத்திரம் கழுவும் மெசினில் போடக்கூடாது என்று சொல்லியும் கொடுங்கள். சின்னப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானுக்கு, ஈ.என் 71-3 என்று குறிப்பிட்ட வர்ணமாகப் பார்த்து வாங்க வேண்டும். குழந்தை எதையும் வாயில் வைக்குமல்லவா?

செய்முறை கடினமல்ல. முதலில் 120ஆம் இலக்கச் சான்ட்பேப்பர், பிறகு 220. மரத்தின் ரேகை ஓடும் பக்கமாகவே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் கீறல் வர்ணத்துக்கு மேலாலும் தெரியும். ஈரத்துணியால் தூசியைத் துடைத்துக் காயவிட்டு, அக்ரிலிக் வர்ணத்தை மெல்லிதாக இரண்டு தரம் பூசுங்கள். ஒருமுறை தடிப்பாகப் பூசுவதைவிட அதுவே நிற்கும். கோலத்தைக் கடதாசியில் வரைந்து, பின்பக்கம் சோக்கட்டி தேய்த்து, மரத்தின்மேல் வைத்துப் பென்சிலால் அழுத்தினால் படிந்துவிடும். தீட்டி முடிந்து நன்றாகக் காய்ந்தபின் தண்ணீர் கலந்த வகை வார்னிஷ் இரண்டு பூச்சு. அது முழுதாக இறுகச் சில வாரங்கள் பிடிக்கும். ஆகவே நத்தார்ப் பரிசென்றால் நவம்பர் தொடக்கத்திலேயே உட்காருங்கள்.

வர்ணம் தீட்டாமல் ஆளிவிதை எண்ணெய் பூசுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைவாளியில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பற்றும். வெளியே விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து வையுங்கள்.

எங்கள் வீட்டில் இந்த வேலையை இப்போது கையில் எடுத்திருப்பவர் அம்மம்மா. வந்த நாள் முதல் யன்னலோரக் கதிரையில் பனியைப் பார்த்தபடி இருந்தவர். மொழி வராது, வெளியே போகப் பயம். பேத்தி ஒருநாள் கோணல்மாணலாகத் தீட்டுவதைப் பார்த்துத் தூரிகையைப் பறித்துவிட்டார். ஐம்பது வருடம் முற்றத்தில் கோலம் போட்ட கை, நடுங்கவில்லை. புள்ளி வைத்து அவர் இழுத்த சிக்குக்கோலம் ஒரு தட்டின் ஓரம் முழுவதும் சுற்றி வந்து சேர்ந்தது. பேத்தி நடுவில் மேல்வீட்டு அம்மாவின் பெயரைத் தமிழில் எழுதினாள், பெட்டகத்தில் இருந்ததைப் போலவே ஆண்டையும் சேர்த்து.

அவர் பிரித்துப் பார்த்துவிட்டு, எந்த எழுத்து எந்த ஒலி என்று அம்மம்மாவிடமே கேட்டார். இருவருக்கும் பொதுமொழி இல்லை. ஆனாலும் தேத்தண்ணி ஆறும்வரை ஒவ்வோர் எழுத்தாய்த் தொட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போது செவ்வாய்க்கிழமைகளில் அவர் இறங்கி வருகிறார், தன் தூரிகையோடு.

அடுத்த இதழில் பழைய சேலையில் யன்னல் திரை தைப்பதுபற்றிப் பார்ப்போம்.