கோமகனின் ஆளுயரப் படம்: பெருமை யாருக்கு?

களியக்காவிளையைத் தாண்டி, திருவனந்தபுரம் வழியாக வடக்கே போனால் கிளிமானூர் வரும். இன்று நடுவே மாநில எல்லை இருக்கிறது. 1956 நவம்பர் 1-ந்தேதிக்கு முன்பு அந்த எல்லை கிடையாது. இரண்டுமே பழைய திருவிதாங்கூர் சீமையின் ஊர்கள்.

அந்தக் கிளிமானூரில் 1848-ம் ஆண்டு பிறந்தவர் ஓவியர் ரவிவர்மா. அதே ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு பெரிய ஏலம் நடந்தது. பக்கிங்ஹாம் கோமகனுக்குக் கடன் தலைக்குமேல் ஏறிவிட்டது. அவரது ஸ்டோ மாளிகையில் இருந்த ஓவியங்களும் விலை உயர்ந்த சாமான்களும் 40 நாட்கள் ஏலம் போயின!

அந்தக் கோமகனின் மகன், தந்தைக்குப் பின் பட்டம் ஏற்றார். குடியேற்ற நாடுகளுக்கு மந்திரியாக இருந்தார். 1875-ல் சென்னைக்குக் கவர்னராக வந்தார். 1878-ல் அவருடைய ஆளுயரப் படத்தைத் தைல வர்ணத்தில் தீட்டியவர், நம் ரவிவர்மா! அந்தப் படம் சென்னை கவர்னர் மாளிகையை அலங்கரித்தது.

பார்த்தே கற்ற வித்தை

தைல வர்ண வித்தையை ரவிவர்மாவுக்கு யாரும் தட்டில் வைத்துத் தரவில்லை. 1868-ல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் திருவிதாங்கூர் அரண்மனைக்கு வந்தார். கற்றுக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. தாம் வேலை செய்வதைப் பார்க்க மட்டும் அனுமதித்தார். ரவிவர்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது. பத்தே ஆண்டுகளில், வெள்ளைக்காரக் கவர்னரே அவர் முன்னால் அசையாமல் நிற்க வேண்டி வந்தது.

படத்தில் இல்லாதவர்கள்

படம் எழுதப்பட்ட காலத்தை மறக்கக் கூடாது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டைத் தாது வருடப் பஞ்சம் வாட்டியது. நாட்டில் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதாக மதிப்பிடுகிறார்கள். நிவாரண வேலை செய்தவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறு காசும் போதும் என்று ஒரு கட்டத்தில் கூலி நிர்ணயித்தார்கள்.

கோமகன்மீது மட்டும் பழி போடுவது நியாயம் ஆகாது. அவருடைய சர்க்கார் தானியம் வாங்கிச் சேர்க்க முயன்றது. வைசிராய் லிட்டன் பிரபுவின் சர்க்கார்தான் அதைக் கண்டித்தது. ஆனாலும், அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாயைப் பஞ்சத்தில் அடிபட்டவர்கள் வெட்டினார்கள். பெயர் மட்டும் பக்கிங்ஹாம் கால்வாய் ஆயிற்று!

என்ன செய்ய வேண்டும்?

"அன்னியன் படம் நமக்கு எதற்கு? கழற்றி எறி!" என்பார்கள் சிலர். எறிந்தால் போவது கோமகனின் பெருமை அல்ல. நம் ஓவியனின் உழைப்பு. "கலையைப் பார், பழங்கதை பேசாதே" என்பார்கள் வேறு சிலர். பேசாவிட்டால், மாண்டவர்கள் இன்னொரு முறை மாண்டவர்கள் ஆவார்கள்.

சென்னை கோட்டை அருங்காட்சியகம் 1948-ல் திறக்கப்பட்டது. கவர்னர்கள், தளபதிகள் படங்கள் அங்கே வரிசையாக இருக்கின்றன. இத்தகைய படங்கள் எங்கே இருந்தாலும் காப்பாற்றப்பட வேண்டும். ஆனால் கீழே வைக்கும் பலகையில், பட்டத்தையும் பதவிக் காலத்தையும் மட்டும் எழுதி நிறுத்திவிடக் கூடாது. எழுதிய ஓவியனின் பெயர் முதலில் வரட்டும். நின்றவரின் பெயர் அடுத்து வரட்டும். அவர் ஆண்ட நாளில் குடிமக்கள் பட்ட பாடு அதற்கும் கீழே, தெளிவான தமிழில் வரட்டும்.

களியக்காவிளையிலிருந்து சுற்றுலா போகும் பள்ளிப் பிள்ளை அதைப் படித்தால், துரையின் உடுப்பைக் கண்டு மலைத்து நிற்காது. "இதை எழுதியவர் நம்ம பக்கத்துக்காரர்!" என்று நிமிர்ந்து நிற்கும்.