வெள்ளிக்கிழமை மெயிலும் தீபாவளிக் காய்ச்சலும்

நெதர்லாந்தில் இன்டர்நேஷனல் ஸ்கூலில் பிள்ளையைச் சேர்த்திருக்கும் வீடுகளுக்கு வாரக் கடைசியில் ஒரு மெயில் வரும். ஆம்ஸ்டல்வேன், ஐந்தோவன், டென் ஹாக் என்று ஊர்தான் மாறும், மெயில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். செவ்வாய்க்கிழமை விளையாட்டு ஷூ கொண்டு வரவும். புதன்கிழமை மதியத்தோடு பள்ளி முடியும். நூலகப் புத்தகத்தைத் திருப்பித் தரவும். வேர்க்கடலை, முந்திரி போட்ட எதையும் டப்பாவில் வைக்க வேண்டாம். பிறந்தநாளுக்குச் சாக்லேட்டுக்குப் பதில் பழம் கொடுங்கள். விடுமுறை முடிந்து வரும் வாரத்தில் பேன் பார்க்க 2 பெற்றோர் தேவை.

கடைசியாகச் சொன்னது ஜோக் இல்லை. விடுமுறை முடிந்ததும் பெற்றோரே வகுப்புக்கு வந்து பிள்ளைகளின் தலையில் பேன் பார்ப்பது டச்சுப் பள்ளிகளில் பழைய வழக்கம். 2018-ல் இதைத் தலைப்பாகவே வைத்து ஒரு டிவி தொடர் வந்து இங்கே சக்கைப்போடு போட்டது. திண்ணையில் உட்கார்ந்து பேன் பார்த்த பரம்பரை நாம். நியாயமாகப் பார்த்தால் முதல் ஆளாகப் பேர் கொடுத்திருக்க வேண்டும்.

ஆனால் நம்மாட்கள் அந்த மெயிலைப் படிப்பதே இல்லை. தமிழ்ப் பெற்றோர் வாட்ஸப் குரூப்பில் யாராவது ஒரு அக்கா முழுசாகப் படித்துவிட்டு, "செவ்வாய் ஷூ, புதன் 12 மணி, வெள்ளி கலர் டிரெஸ்" என்று ஒரு வரி போடுவார். முப்பது பேர் கும்பிடு எமோஜி வைப்பார்கள். வாரம் ஓடிவிடும். அந்த அக்காவைக் குறை சொல்லவில்லை, அவர் இல்லாவிட்டால் பாதிப் பிள்ளைகள் ஷூ இல்லாமல்தான் நிற்கும். என் கவலை அந்த ஒரு வரியில் வராமல் போகும் விஷயங்களைப் பற்றியது. நாம் செய்ய வேண்டிய வேலைகள் சுருக்கத்தில் வந்துவிடும். நமக்கு இருக்கும் உரிமைகள் வராது.

லீவு விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தீபாவளி சில வருடம் இலையுதிர்கால விடுமுறைக்குள் வந்துவிடும். வராத வருடம் வார நாளில் விழும். அன்றைக்குக் காலையில் நம்ம வீடுகளில் என்ன நடக்கிறது? எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணி போட்டு, பள்ளிக்கு மெயில் போகிறது: "பிள்ளைக்குக் காய்ச்சல்." மறுநாள் டீச்சர், "உடம்பு தேவலையா கண்ணு?" என்று அக்கறையாகக் கேட்கிறார். ஏழு வயசுக் குழந்தை மருதாணிக் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு "ம்" என்கிறது. ஒரே வகுப்பில் 4 இந்தியப் பிள்ளைகளுக்கு ஒரே நாளில் காய்ச்சல் வந்தால் டீச்சருக்குத் தெரியாதா என்ன? அவருக்குத் தெரியும் என்பது பிள்ளைக்கும் தெரிகிறது. நம்ம பண்டிகை என்றால் மறைக்க வேண்டிய ஏதோ ஒன்று என்று அது புரிந்துகொள்கிறது. வருஷம் பூரா "நம்ம கலாச்சாரம், நம்ம மொழி" என்று ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டு, தீபாவளி அன்றைக்கு இதைச் சொல்லிக் கொடுக்கிறோம்.

இத்தனைக்கும் அந்தப் பொய்க்குத் தேவையே இல்லை. இங்கே 1969-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டப்படி, மதக் கடமைக்காகப் பிள்ளை பள்ளிக்கு வராமல் இருக்கலாம். பொதுவாக ஒரு பண்டிகைக்கு ஒரு நாள். குறைந்தது 2 நாள் முன்னதாகப் பள்ளிக்குத் தெரிவிக்க வேண்டும், அவ்வளவுதான். பல பள்ளிகள் அக்டோபர் மெயிலில் இதை ஒரு வரியாகப் போடவும் செய்கின்றன. எங்கள் வீட்டில் எழுதிக் கொடுத்துத்தான் எடுக்கிறோம். போன முறை பள்ளியிலிருந்து வாழ்த்துச் சொல்லிப் பதில் வந்தது. பொங்கலுக்கு இவ்வளவு சுலபமாகக் கிடைக்குமா என்றால், அது பண்டிகைப் பட்டியலைப் பள்ளி எப்படிப் பார்க்கிறது என்பதைப் பொறுத்தது. கேட்டுத்தான் பார்க்க வேண்டும். கேட்காமலே "தர மாட்டாங்க" என்று நாமே முடிவு செய்வதில்தான் எனக்கு வருத்தம்.

இதே சட்டத்தில் இன்னும் இருக்கிறது. தம்பி கல்யாணம், தாத்தா இறப்பு போன்ற காரணங்களுக்குத் தனி லீவு உண்டு. கல்யாணப் பத்திரிகையைச் சான்றாக இணைத்துக் கொடுக்கலாம். 10 பள்ளி நாள் வரை தலைமையாசிரியரே முடிவு செய்வார், அதற்கு மேல் போனால் நகராட்சியின் கட்டாயக் கல்வி அதிகாரி. 4 வயதில் பள்ளியில் சேர்ந்த பிள்ளைக்கு இந்தக் கட்டாயமே இன்னும் தொடங்கவில்லை என்பதும் பலருக்குத் தெரியாது. 5 வயது முடிந்த அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்துதான் கட்டாயம்.

ஆனால் டிக்கெட் விலை குறைவு என்பது காரணம் ஆகாது. கோடை விடுமுறை வெறும் 6 வாரம், அந்த நேரத்தில் சென்னைக்கு நாலு பேருக்கு டிக்கெட் போட்டால் தலை சுற்றும் என்பது எனக்கும் தெரியும். அதற்காக விடுமுறைக்கு முந்தைய வியாழக்கிழமையே "காய்ச்சலோடு" விமானம் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்கிபோல் விமான நிலையத்திலேயே அதிகாரிகள் நின்று விசாரித்த சம்பவங்கள் உண்டு. மாட்டினால் ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 100 யூரோ என்ற கணக்கில் அபராதம் வரும். டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும்.

"எதுக்குப்பா வம்பு, வந்த இடத்துல எழுதிக் கேட்டுக்கிட்டு?" என்பதுதான் நான் அதிகம் கேட்ட பதில். விசாவுக்குப் பிரச்சினை வருமோ என்ற பயமும் அதில் ஒளிந்திருக்கிறது. பள்ளியில் லீவு கேட்பதற்கும் குடியிருப்பு அனுமதிக்கும் சம்பந்தமே கிடையாது. ஆபீஸில் ஒரு ரிக்வயர்மென்ட் புரியவில்லை என்றால் க்ளையண்டிடம் பத்து தடவை கேட்கிற ஆட்கள், பள்ளி என்றதும் ஊரில் ஹெட்மாஸ்டர் ரூம் வாசலில் கைகட்டி நின்ற பையனாக மாறிவிடுகிறோம்.

தப்பு நம் பக்கம் மட்டும் இல்லை. அந்த மெயிலை எழுதுகிறவர்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. இரண்டாயிரம் வார்த்தையில் எழுதி, முக்கியமான தேதியைக் கப்கேக் விற்பனைப் படத்துக்குக் கீழே வைத்தால் யார் படிப்பது? பெற்றோர் சந்திப்பைக் காலை 9 மணிக்கு வைக்கிறார்கள். வீட்டில் ஒருவர் சும்மா இருப்பார் என்ற கணக்கில் போட்ட நேரம் அது. இங்கே வருகிற தமிழ்க் குடும்பங்களில் அம்மாவும் இன்ஜினியராக இருப்பது சர்வ சாதாரணம். மெயில் இருவர் பேருக்கும் வந்தாலும், ஷூ மறந்துபோனால் போன் முதலில் அம்மாவுக்குத்தான் போகிறது. தேதிகள் மேலே, லீவு விதி பருவத்துக்கு ஒருமுறை எளிய ஆங்கிலத்தில், சந்திப்பு மாலையில். இந்த மூன்றும் செலவில்லாத மாற்றங்கள்.

இதை எங்கே போய்க் கேட்பது? அதற்கும் அந்த மெயிலிலேயே வழி வரும். பெயரைச் சொல்லவே மூச்சு வாங்கும், அதனால் எல்லோரும் எம்.ஆர். என்றுதான் சொல்வார்கள். பெற்றோரும் ஊழியர்களும் சரிபாதியாக உட்காரும் பள்ளிப் பங்கேற்புக் குழு. அரசு உதவி பெறும் பள்ளிகளில் இது சட்டப்படி இருந்தே ஆக வேண்டும். டச்சு இன்டர்நேஷனல் ஸ்கூல்களும் அதில் அடக்கம். பெற்றோரிடம் கேட்கும் தன்விருப்பக் கட்டணத்தை எவ்வளவு என்று நிர்ணயிக்கக்கூட அந்தக் குழுவின் பெற்றோர் தரப்பு சம்மதிக்க வேண்டும். வெறும் டீ பார்ட்டி இல்லை அது. இடம் காலியானால் "வேட்பாளர்கள் தேவை" என்று மெயிலில் வரும். வாட்ஸப் சுருக்கத்தில் அது வந்து நான் பார்த்ததில்லை.

"நாம மூணு வருஷம்தான் இருக்கப் போறோம், நமக்கெதுக்கு?" என்பார்கள். இன்டர்நேஷனல் ஸ்கூலில் பாதிக்கு மேல் அப்படிப்பட்ட குடும்பங்கள்தான். பிரிட்டனிலிருந்து வந்தவரும் மூன்று வருடத்துக்குத்தான் வந்திருக்கிறார், ஆனாலும் அவர் நிற்கிறார். நமக்கு அது இடைக்காலம், ஆறு வயசுப் பிள்ளைக்கு அது இதுவரை வாழ்ந்த வாழ்க்கையில் பாதி. அந்த மூன்று வருடத்தில் சர்வதேச தினத்தன்று இந்தியா மேசையில் இட்லி இருக்குமா, பட்டர் சிக்கன் மட்டும்தானா என்பதுகூட யார் கூட்டத்துக்குப் போனார் என்பதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

தீபாவளி லீவுக்கு இரண்டு வரி போதும். பிள்ளையின் பெயர், வகுப்பு, தேதி, "தீபாவளிப் பண்டிகைக்காக அன்று பள்ளிக்கு வர மாட்டாள்" என்று மட்டும் எழுதினால் சரி. விளக்கம், மன்னிப்பு எதுவும் வேண்டாம். சில பள்ளிகளில் இதற்கென்று தனி படிவம் இருக்கும், அதன் இணைப்பு வெள்ளிக்கிழமை மெயிலின் அடியில் கிடக்கும்.