காதுக்கு லஞ்சம்

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் லேப்டாப்போடு வந்து உட்கார்ந்தான். இன்ஜினீயரிங் இரண்டாம் ஆண்டு. படிப்பைத் தவிர மற்றதையெல்லாம் சிரத்தையாகச் செய்கிறவன். தானே மெட்டுப் போட்டு, கூடப் படிக்கும் பெண்ணைப் பாடவைத்து, தெரிந்த பையனின் மிருதங்கத்தைத் தன் படுக்கையறையிலேயே பதிவு செய்து ஒரு பாட்டு முடித்திருந்தான்.

"மாமா, ரெண்டு வெர்ஷன் போடறேன். எது நல்லாருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

கேட்டேன். இரண்டாவதுதான் என்றேன். பையனுக்கு வாயெல்லாம் பல். முதலாவது வெறும் மிக்ஸாம். இரண்டாவது, அதை ராத்திரி ரெண்டு மணி வரை உட்கார்ந்து மெருகேற்றி அவன் செய்த மாஸ்டராம்.

ஒரு காலத்தில் மைக் செட் வைத்திருந்த நண்பனோடு சின்னச் சின்ன சபாக்களில் கேபிள் சுருட்டியவன் நான். அந்தப் பழைய புத்தி விடவில்லை. "ரெண்டாவதை முதலாவது அளவுக்கு இறக்கிட்டு மறுபடி போடுடா" என்றேன். வேண்டா வெறுப்பாக இறக்கினான். ஆறு டெசிபலுக்கு மேல் இறக்கிய பிறகுதான் இரண்டும் சமமாயின. இப்போது முதலாவதில் மிருதங்கத்தின் சாப்பு விண்ணென்று தனியாக வந்து விழுந்தது. இரண்டாவதில் அதே சாப்பு ஈரத்துணியை அடித்துத் துவைக்கிற மாதிரி இருந்தது. அந்தப் பெண் மூச்சு இழுக்கும் சத்தம் பாட்டுக்குச் சமமாக ஏறி உட்கார்ந்திருந்தது. கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.

இது அவன் தப்பில்லை. காதின் சுபாவமே அப்படி. 1933-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் இதை அளந்து கோடு போட்டுக் காட்டினார்கள். சத்தம் குறைவாக இருக்கும்போது அடித்தொனியும் உச்சத்தொனியும் நம் காதுக்குச் சரியாக எட்டுவதில்லை. நடுத்தொனி மட்டும் நன்றாகக் கேட்கும். வால்யூமை ஏற்ற ஏற்ற மேலும் கீழும் நிரம்பிக்கொண்டே வரும். பழைய ஸ்டீரியோ செட்டுகளில் 'லவுட்னஸ்' என்று ஒரு பொத்தான் இருந்ததே, எதற்கென்று தெரியாமலே எல்லாரும் அமுக்கி வைத்திருப்போமே, அது இந்தக் குறையை ஈடுகட்ட வந்ததுதான். ஒரு டெசிபல் கூட்டினால் 'சத்தம் கூடிவிட்டது' என்று பெரும்பாலும் தோன்றாது. 'ஆகா, தெளிவாயிருக்கே' என்று தோன்றும். காதுக்குக் கொடுக்கிற லஞ்சம் அது. வாங்கியது காதுக்கே தெரியாது.

உலகத்து இசைக் கம்பெனிகள் இந்த லஞ்சத்தைப் பல வருடங்கள் போட்டி போட்டுக் கொடுத்தன. டிஜிட்டல் பதிவில் பூஜ்ய டெசிபல்தான் கூரை. அதற்கு மேல் போக வழியில்லை. கூரையை முட்டும் மேடுகளை லிமிட்டர் கொண்டு செதுக்கிவிட்டு, மிச்சத்தை மொத்தமாகத் தூக்கிவிடுவார்கள். செதுக்கப்படும் மேடு எது? தாளவாத்தியத்தின் முதல் அறை. 2008-இல் மெட்டாலிகாவின் 'டெத் மேக்னெட்டிக்' வந்தபோது, அதே பாட்டுகள் 'கிட்டார் ஹீரோ' வீடியோ கேமில் இன்னும் நன்றாக ஒலிப்பதை ரசிகர்கள் கண்டுபிடித்தார்கள். கேமுக்குப் போனது அந்த அளவுக்கு நசுக்கப்படாத பிரதி. ஆயிரக்கணக்கானோர் கையெழுத்துப் போட்டு, மறுபடி மாஸ்டர் செய்யச் சொன்னார்கள்.

இன்றைக்கு அந்தப் போட்டிக்கே அர்த்தமில்லை. காதுக்குத் தோன்றும் சத்தத்தை அளக்க 2006-இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஒரு முறை வகுத்தது. எல்.யூ.எஃப்.எஸ். என்பது அதன் அலகு. ஸ்பாட்டிஃபை வழக்கமாகப் பாட்டுகளை -14 என்ற அளவுக்குச் சமன் செய்து ஒலிக்கவிடுகிறது. நம் பையனின் மாஸ்டர் -8-இல் இருந்தது. அவன் ராத்திரியெல்லாம் ஏற்றியதில் ஆறு டெசிபலை அவர்கள் ஒரு நொடியில் இறக்கிவிடுவார்கள். சத்தம் போய்விடும், நசுங்கிய சாப்பு நசுங்கியபடியே இருக்கும்.

அடுத்த வியாதி அவன் அறை. என் காரில் அந்தப் பாட்டைப் போட்டால் கதவு கிடுகிடுத்தது. "ரூம்ல பேஸே கேக்கல மாமா, அதான் ஏத்தினேன்" என்றான். போய்ப் பார்த்தேன். பத்துக்குப் பத்து அறை, உயரமும் ஏறக்குறைய பத்தடி. நம்மூர் ஃப்ளாட்டுகளில் சர்வசாதாரணம். ஒலிக்கோ கனசதுரத்தைவிட மோசமான வடிவம் கிடையாது. பத்தடிச் சுவர்களுக்கு நடுவே சுமார் 56 ஹெர்ட்ஸ் அலை மோதி மோதி நின்றுவிடும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றானால் மூன்று திசையிலும் அதே 56-தான். மூலையில் குமுறும், அறையின் நட்டநடுவில் காணாமல் போகும். இவன் நாற்காலி போட்டிருந்தது ஃபேனுக்கு நேர் கீழே. அவன் கேட்டுத் திருத்தியதெல்லாம் அறையின் ஓட்டையை.

நாற்காலியை முன்சுவரிலிருந்து நாலடியில் போட்டோம். பாட்டியின் இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி மூலையில் நிறுத்தினோம். 56-ஐ அது ஒன்றும் செய்யாது. ஆனால் மேலே கலகலக்கும் எதிரொலியை விழுங்கும். அதிர்ந்த பீரோக் கதவுக்கு மடித்த காகிதம் செருகினோம்.

தொனி விஷயம் இன்னும் நுட்பம். ஃபோன் ஸ்பீக்கரில் தொப்பியின், அதாவது மிருதங்கத்தின் அடித்தொனிப் பக்கத்தின், கும்காரம் வரவே வராது. அந்தச் சின்ன வட்டத்துக்கு அவ்வளவு காற்றைத் தள்ள வலுவில்லை. ஆனால் மேல்சுரங்கள் தெளிவாக இருந்தால், இல்லாத அடிநாதத்தை மூளையே இட்டுக்கட்டிக்கொள்ளும். தம்பூராவில் குதிரைக்கும் தந்திக்கும் நடுவே நூலைச் செருகி ஜீவா பிடிக்கிறவர்களுக்கு, மேல்சுரங்களை எழுப்பினால் நாதம் நிறையும் என்று எப்போதோ தெரியும். ஆகவே, அடியை மேலும் ஏற்றாதே, அதன் மேல்சுரங்களுக்குக் கொஞ்சம் உயிர் கொடு என்றேன். சாதா ஸ்பீக்கரில் கேட்டுப் பார்ப்பது பெரியவர்களும் செய்ததுதான். பெரிய ஸ்டூடியோக்களில் வெள்ளைக் கூம்போடு நின்ற யமஹா என்.எஸ்.10, 1978-இல் வீட்டு உபயோகத்துக்கென்று வந்த சாதா ஸ்பீக்கர். நடுத்தொனியின் குறைகளை மறைக்காமல் காட்டுகிறது என்பதற்காகவே அதை வைத்திருந்தார்கள்.

பேலன்ஸ் பற்றி நான் கற்றது சபாவில்தான். பாடகர் 'ஏத்துங்க' என்று கை காட்டுவார். வயலின்காரர் 'எனக்கும்' என்பார். மிருதங்கம் புருவத்தைத் தூக்கும். 'இறக்குங்க' என்று ஒருத்தர்கூடச் சொல்லிக் கேட்டதில்லை. என் நண்பன் தலையை ஆட்டிவிட்டு, யாருக்கும் தெரியாமல் மற்றவர்களை ஒரு மயிரிழை இறக்குவான். கேட்டவர் திருப்தியாகிவிடுவார். பையனிடமும் அதையே சொன்னேன். எல்லா பிளக்-இன்னையும் அணைத்துவிட்டு, பக்கத்தில் ஒருவர் பேசினால் கேட்கிற அளவுக்கு வால்யூமை வைத்து, ஒவ்வொன்றின் சத்தத்தையும் ஏற்றி இறக்கும் ஃபேடரை மட்டும் தொடச் சொன்னேன். அந்த அளவிலும் வார்த்தை புரிந்து, தாளம் கைக்கு வந்தால் பேலன்ஸ் சரி. சபாக்காரனின் யோசனைதான், படித்த இன்ஜினீயர்கள் வேறு வழி சொல்லலாம்.

புதன்கிழமை புது மாஸ்டர் அனுப்பினான். -13. உச்சம் -1-இல் நிற்கிறது. சாப்பு திரும்பி வந்துவிட்டது. குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போட்டிருந்தான். அங்கே சமன் செய்ய யாருமில்லை, அனுப்பியது அனுப்பியபடியே ஒலிக்கும். அக்கா உடனே எனக்கு ஃபோன் செய்தாள்.

"என்னடா, முன்னாடி அனுப்பினதே நல்லா கணீர்னு இருந்துச்சு. நீ போய் என்ன பண்ணின?"

வால்யூமை ரெண்டு புள்ளி ஏத்திக் கேளுக்கா என்றேன்.