குற்றவியல் படிப்பும் கடன் கணக்கும்

வங்கியில் முப்பது ஆண்டுகள் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சீத்தா கேம்பில் கல்விக் கடன் படிவம் நிரப்ப வேண்டுமென்றால் இன்றும் என் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். மே, ஜூன் மாதங்களில் வாசலில் செருப்புக் குவியல் குறையாது. முன்பெல்லாம் பொறியியல், நர்சிங் என்று வருவார்கள். இப்போது 'கிரிமினாலஜி' என்று கேட்டு வரும் பிள்ளைகளையும் பார்க்கிறேன். தொலைக்காட்சித் தொடர்களின் கைங்கரியமோ என்னவோ! படிப்பைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கடன் வாங்கிப் படிக்கத் தகுமா என்பதே கேள்வி.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கலினாவில் உள்ள தடய அறிவியல் ஆய்வகத்தில் ரத்தக் கறையையும் விஷத்தையும் சோதிப்பவர்கள் அறிவியல் பட்டம் பெற்றவர்கள். குற்றவியல் வேறு. குற்றம் ஏன் நடக்கிறது, சிறை மனிதனை என்ன செய்கிறது, விடுதலையானவன் எங்கே போவான் என்று ஆராய்வது அது. போலீஸ் வேலைக்கும் இந்தப் பட்டம் தேவையில்லை. மகாராஷ்டிரத்தில் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவர் கான்ஸ்டபிள் ஆகலாம். ஏழாவது ஊதியக் குழுவின்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் 21,700 ரூபாய். சப்-இன்ஸ்பெக்டர் தேர்வுக்கு எந்தப் பட்டமும் போதும், தொடக்கம் 38,600. மத்தியத் தேர்வாணையத்தின் குடிமைப் பணித் தேர்வில் குற்றவியல் ஒரு விருப்பப் பாடமாகக்கூட இல்லை. பளபளப்பான விளம்பரத் தாளோடு வரும் கல்லூரிக்காரர் இதையெல்லாம் சொல்ல மாட்டார்.

இட்லிக் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் சென்ற ஆண்டு வந்தார். "அண்ணாச்சி, பிள்ளை ஆசைப்படுது. நாலு லட்சம் லோன் போட்டா போதுமாம். வேலை கிடைச்சதும் அதுவே கட்டிருமாம்" என்றார். உட்கார வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டாண்டுப் படிப்புக்கு ஆண்டுக்கு இரண்டு லட்சம், வட்டி நூற்றுக்குப் பத்து என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி தூங்காது. மூன்றாம் ஆண்டு முடிவில் கடன் ஐந்து லட்சமாக நிற்கும். அதை ஏழு ஆண்டுகளில் அடைக்க மாதம் சுமார் 8,300 ரூபாய்; பத்து ஆண்டுகள் என்றால் சுமார் 6,600. தவணை சிறுத்ததே என்று மகிழ வேண்டாம். பத்தாண்டுத் திட்டத்தில் கட்டும் மொத்தத் தொகை ஏறத்தாழ 7 லட்சத்து 93 ஆயிரம்.

வருமானப் பக்கத்தைப் பார்ப்போம். குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் பாதுகாப்பு அலுவலருக்கு மாதம் 27,804 ரூபாய். சமூகப் பணியாளருக்கும் ஆற்றுப்படுத்துநருக்கும் 18,536. இவை ஒப்பந்த வேலைகள். 18,536-இல் 8,300 போனால் மீதி பத்தாயிரத்துச் சொச்சம். மும்பையில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வருமான வரியில் கல்விக் கடன் வட்டிக்குக் கழிவு உண்டே என்பார்கள். வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் இருந்தால்தானே கழிவு?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இத்தகைய பதவிகளுக்கான அறிவிப்புகளில் பெரும்பாலும் சமூகப்பணி, சமூகவியல், உளவியல் என்றே தகுதி கேட்கிறார்கள்; சட்ட அலுவலர் என்றால் சட்டப் பட்டம். ஆகவே சான்றிதழில் என்ன பெயர் அச்சாகிறது என்பது முக்கியம். நமக்குப் பக்கத்திலேயே, தேவ்னாரில், டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் இருக்கிறது. அங்கே குற்றவியலும் நீதியும் சமூகப்பணி முதுகலையின் ஒரு பிரிவாகவே நடந்து வந்திருக்கிறது. சிறைவாசிகளிடையே பணியாற்றும் 'பிரயாஸ்' 1990-இல் அங்கிருந்துதான் பிறந்தது. அங்கும் செலவு சும்மா இல்லை. ஒடுக்கப்பட்ட மாணவருக்கான கட்டணச் சலுகை நிறுத்தப்பட்டதை எதிர்த்து 2018 பிப்ரவரியில் மாணவர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள்.

நம்மில் பாதிப் பேருக்கு ஊர் நெல்லைச் சீமை. அங்கே மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் குற்றவியலுக்குத் தனித் துறை இருக்கிறது. அரசுப் பல்கலைக்கழகம், பாட்டி வீட்டில் தங்கிப் படிக்கலாம். இங்கேயே இருக்க வேண்டுமென்றால் சர்ச்கேட் அரசு சட்டக் கல்லூரி உண்டு. இடம் கிடைப்பது கடினம், கட்டணம் மிகக் குறைவு. குற்றத்திலும் நீதியிலும் உண்மையான ஆர்வமுள்ள பிள்ளைக்குச் சட்டம் அதே வீட்டின் இன்னொரு வாசல்தான்.

இவ்வளவு சொல்லியும் அந்தத் தம்பியிடம் 'வேண்டாம்' என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. 1976-இல், நெருக்கடி நிலைக் காலத்தில், அணுசக்தி நிலையத்துக்காக ஜனதா காலனியை இடித்து நம்மை இந்தச் சேற்றில் கொண்டுவந்து போட்டபோது, சட்டம் தெரிந்து நமக்காகப் பேச நம் தெருவில் எத்தனை பேர் இருந்தார்கள்? இன்றும் இரவில் ஒரு பையனை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனால், அவனுக்கு வயது பதினெட்டு ஆகவில்லை, லாக்கப்பில் வைக்கக் கூடாது என்று எடுத்துச் சொல்ல ஆள் தேடுகிறோம். மான்கூர்ட் குழந்தைகள் இல்லம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது; அங்கே தமிழில் பேசி ஒரு பிள்ளையின் பயத்தைப் போக்க ஒருவர் வேண்டாமா? அந்தப் பயனை ரூபாயில் எழுத முடியாது. வங்கியோ தவணையை ரூபாயில்தான் வாங்கும்.

ஆகவே என் கருத்து இது. உதவித்தொகையோடு, சமூகப்பணிப் பட்டமாக, நல்ல நிறுவனத்தில் இடம் கிடைத்தால், இரண்டு லட்சத்துக்குள் கடன் வாங்கலாம். தனியார் கல்லூரியில் வெறும் குற்றவியல் இளங்கலைக்காக ஒரு ரூபாய்கூடக் கடன் வாங்க வேண்டாம். பட்டியல் சாதி மாணவருக்கு, குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால், மெட்ரிக்குக்குப் பிந்தைய உதவித்தொகை உண்டு. நாலரை லட்சத்துக்குள் இருப்பவர்களுக்குத் தவணை தொடங்கும்வரை வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் 2009 முதல் இருக்கிறது. ஆனால் அது தொழிற்படிப்பு, தொழில்நுட்பப் படிப்புகளுக்கு மட்டும். நீங்கள் சேரும் படிப்பு அந்தக் கணக்கில் வருமா என்று மேலாளரிடம் வாய்மொழியாகக் கேட்டுவிட்டு வராதீர்கள். எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள். அந்தக் காகிதம் கைக்கு வந்த பிறகு கையெழுத்துப் போடலாம். கடன் பத்திரத்தில் பிள்ளையோடு உங்கள் பெயரும் இருக்கும்.