எங்கே போனால் புலி மாட்டும் என்று கேட்ட மாணவனுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தான். "டீச்சர், பையனுக்குப் பெரிய லென்ஸோட கேமரா வாங்கிக் கொடுத்திருக்கேன். லீவுல காட்டு விலங்குகளைப் படம் எடுக்கணுமாம். கபினியா, பந்திப்பூரா? எங்க போனா புலி கண்டிப்பா மாட்டும்?"

"பொங்கல் லீவுக்கு வேடந்தாங்கல் போப்பா" என்று பதில் போட்டேன். சிரிக்கிற பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டு, "அது எட்டாம் வகுப்புல நீங்க கூட்டிட்டுப் போன இடமாச்சே டீச்சர், பாத்தாச்சு" என்றான்.

பார்த்தானா? எனக்குச் சந்தேகம். ஏனென்றால் அன்று அவனைப் பார்க்கவிடாமல் செய்தவளே நான்தான். இத்தனை வருடம் யாரிடமும் சொல்லாததை இன்று சொல்லிவிடுகிறேன்.

அந்தச் சுற்றுலாவில் இரவல் வாங்கிய ஃபிலிம் கேமரா ஒன்று என்னிடம் இருந்தது. 36 படம்தான் எடுக்க முடியும். ஏரிக்கரையில் உங்களை எல்லாம் வரிசையாக நிற்க வைத்தேன். பின்னால் மரங்களில் பறவைகள் அசையாமல் உட்கார்ந்திருந்தன. படத்தில் பறவைகள் பறக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. "எல்லாரும் ஒண்ணா கை தட்டிக் கத்துங்க" என்றேன். தட்டினீர்கள். மரங்களே எழுந்து போனதுபோல் பறவைகள் எழும்பின. நானும் படம் எடுத்துவிட்டேன்.

கரையோரம் வந்துகொண்டிருந்த அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் வேகமாக என்னிடம் வந்தார். "டீச்சரம்மா, நீங்களே இப்படிப் பண்ணலாமா? தாய் எழுந்துட்டா முட்டை வெயில்ல கெட்டுப்போகும். குஞ்சைக் காக்கா தூக்கிடும். நாங்க தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்கிறது இல்லம்மா" என்றார். கோபப்படவில்லை. பிள்ளைகள் காதில் விழக்கூடாது என்று மெதுவாகத்தான் சொன்னார். அதனால்தான் உங்களில் யாருக்கும் அது தெரியாது.

அந்த ஊர்க்காரர்களின் கதையைப் பிறகுதான் தேடிப் படித்தேன். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அந்த ஏரிக்கு வந்து பறவைகளைச் சுட்டார்கள். ஊர் மக்கள் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமையை 1798இல் வாங்கினார்கள். 1858இல் அதை மறுபடி உறுதி செய்துகொண்டார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் நெல்லுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். வெறும் 30 ஹெக்டேர் ஏரி அது. இருநூறு வருடத்துக்கு மேல் ஒரு ஊரே பறவைகளுக்காகச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறது. நான் ஒரு படத்துக்காக நாற்பது பிள்ளைகளைக் கத்தச் சொன்னேன்.

ஆகவே லீவுக்கு இடம் தேடுகிறவர்களுக்கு என் கருத்து இதுதான். எங்கே நல்ல படம் கிடைக்கும் என்பதை முதல் கேள்வியாக வைக்காதீர்கள். அதற்கு முன் மூன்று கேள்விகள் இருக்கின்றன.

முதலாவது, அது அந்த உயிர்களின் காலமா? நம் லீவு மே மாதம். மே மாதத்தில் வேடந்தாங்கல் போய், "ஒண்ணுமே இல்லை" என்று திட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிறைந்தால்தான் பறவைகள் கூடு கட்டும். மார்கழி, தை, மாசி மாதங்களில் போனால் கூடு, முட்டை, குஞ்சு எல்லாம் பார்க்கலாம். மழை பொய்த்த வருடம் போகாதீர்கள். இன்னொன்றும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அங்கே கூடு கட்டுபவை எல்லாம் வெளிநாட்டுப் பறவைகள் என்று நாங்களே தவறாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், பாம்புத்தாரா, கூழைக்கடா எல்லாம் நம் நாட்டுப் பறவைகள்தான். வடக்கே வெகுதூரத்திலிருந்து வரும் ஊசிவால் வாத்து போன்றவை இங்கே இரை தேடிவிட்டுத் திரும்பிவிடும், முட்டையிடுவதில்லை.

இரண்டாவது, நாம் இருக்கும் இடத்திலேயே இருந்து பார்க்க முடியுமா? படாளம் கூட்டுரோட்டில் திரும்பி வேடந்தாங்கல் போனால், ஏரிக்கரையிலேயே நடந்து பார்க்கலாம். சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் இரை தேடப் போன பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பும். கை தட்டவே வேண்டாம், அவையே பறந்து காட்டும். பக்கத்திலேயே கரிக்கிலி இருக்கிறது. அங்கே கூட்டம் குறைவு. இரண்டு ஏரிகளுமே 2022இல் ராம்சர் ஈரநிலங்களாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டவை. எத்தனை பேர் வீட்டில் இது தெரியும்?

மூன்றாவது, நாம் போவதால் அந்த உயிருக்கு இடைஞ்சலா? மாமல்லபுரம் பக்கம் கடற்கரையில் அறை எடுக்கிறீர்கள். தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் இரவில் இந்தக் கரையேறி, ஒரு குழியில் சுமார் நூறு முட்டை இடும். முகத்தில் வெளிச்சம் அடித்தால் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். குஞ்சுகளோ வெளிச்சம் இருக்கும் பக்கம்தான் போகும். கடல் பக்கம் போக வேண்டியவை ரிசார்ட் விளக்கைப் பார்த்து ரோட்டுப் பக்கம் வந்து சாகின்றன. எனவே அறை பதிவு செய்யும்போதே, "ராத்திரி கடல் பக்கத்து விளக்கை அணைப்பீங்களா?" என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆள் வருவதற்குள் அணைப்பார்கள். ஆமை பார்க்க ஆசையாக இருந்தால், சென்னையில் 1988 முதல் ஆமை நடை நடத்தும் மாணவர் குழுவோடு போங்கள். செல்போன் வெளிச்சம் கூடாது என்பதை அவர்களே சொல்லிக் கொடுப்பார்கள்.

கிட்டே நின்று படம் எடுத்தே தீருவேன் என்கிற பிள்ளைக்கு வடநெம்மேலி முதலைப் பண்ணை இருக்கிறது. 1976இல் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கியது. முதலை அசையவில்லை என்று கல் எறியாமல், அரை மணி நேரம் பொறுமையாக நின்றால் போதும். அங்கேயே இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றிலிருந்து விஷம் எடுப்பதையும் காட்டுங்கள். பாம்புக்கடி மருந்து தயாரிக்க அந்த விஷம்தான் வேண்டும். எடுத்தபின் பாம்புகளைக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். நம் மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா?

முதுமலை, பந்திப்பூர் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. காடு பார்க்கப் போங்கள். புலி "மாட்டும்" என்று போகாதீர்கள். அந்தச் சொல்தான் எனக்கு உறுத்தியது. அப்படிப் போகிறவர்தான் டிரைவரிடம் "இன்னும் கிட்ட போப்பா" என்பார். ரோட்டில் யானையைக் கண்டால் காரை விட்டு இறங்கி செல்ஃபி எடுப்பார். புலி வரவில்லை என்றால், மானும் காட்டெருமையும் பார்த்த பிள்ளையிடம் "வேஸ்ட்" என்று சொல்லிக்கொண்டே வீடு திரும்புவார். அந்தப் பிள்ளையும் அதைத்தான் கற்றுக்கொள்ளும்.

அந்தப் பழைய படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. பறவைகள் வெறும் கரும்புள்ளிகளாக விழுந்திருக்கின்றன. உங்கள் கைகள் மட்டும் தெளிவாகத் தெரிகின்றன. இரண்டாவது வரிசையில் எல்லாரையும்விட உயரமாகக் கை தூக்கி நிற்பவன், இப்போது என்னிடம் புலி கேட்டவன்தான்.

தம்பி, அன்று நான் தப்புப் பாடம் நடத்திவிட்டேன். பொங்கலுக்குப் பையனை அழைத்துக்கொண்டு வா. செங்கல்பட்டில் நம் வீட்டில் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குக் கிளம்பலாம். கேமராவும் இருக்கட்டும். முதல் ஒரு மணி நேரம் மட்டும் அது பைக்குள் இருக்கட்டும். எனக்கும் அந்த ஏரிக்கரையில் ஒருநாள் சும்மா உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

உங்கள் பிள்ளைகளோடு வர விரும்புகிறவர்கள் கீழே சொல்லுங்கள். வேன் பேசிவிடலாம். ஒரே நிபந்தனை, யாரும் கை தட்டக் கூடாது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்