எங்கேயோ 4,000 பேருக்கு வேலை போனால் வில்லியனூருக்கு என்ன?



"எங்கேயோ ஒரு கம்பெனியை எவனோ வாங்குறான், விக்கிறான். நமக்கென்ன?" என்று கேட்பவர்களுக்குத்தான் இந்தப் பதிவு.

2025 நவம்பர் 26. ஆம்னிகாம் என்ற அமெரிக்க விளம்பரக் குழுமம், இன்டர்பப்ளிக் என்ற இன்னொரு குழுமத்தை விழுங்கி முடித்தது. ஒரு வாரம்கூட ஆகவில்லை. டிசம்பர் 1ஆம் தேதி அறிவிப்பு வருகிறது: சுமார் 4,000 வேலைகள் காலி. டிடிபி, எஃப்சிபி, முல்லன்லோ ஆகிய புகழ்பெற்ற ஏஜென்சிகளின் பெயர்ப்பலகையும் இறங்குகிறது.

இதில் நம்ம நாட்டுக் கதையும் ஒன்று இருக்கு. 1980ல் ஏ.ஜி. கிருஷ்ணமூர்த்தி அகமதாபாத்தில் 35,000 ரூபாயோடும் ஒரே ஒரு வாடிக்கையாளரோடும் தொடங்கியதுதான் முத்ரா. நம்ம வீட்டு டிவியில் வந்த ரஸ்னா விளம்பரம் அவர்கள் கைவேலை. 2011ல் ஆம்னிகாம் அதன் பெரும்பங்கை வாங்கி, டிடிபி முத்ரா ஆக்கியது. இன்று அந்த டிடிபிக்கே மூடுவிழா! சின்னதா பொறந்து, சொந்தக் கால்ல நின்னு ஜெயிச்ச கம்பெனிக்கே இந்தக் கதின்னா, அதுல மாசச் சம்பளம் வாங்குறவன் கதி என்ன?

நமக்கு இது புதுசா? ஏ.எஃப்.டி. சங்கு சத்தத்துக்கு சைக்கிள் மிதிச்ச தலைமுறை நம்ம வீட்டிலேயே இருக்கு. 1898ல் தொடங்கிய மில், 2020ல் மூடப்பட்டது. சுதேசி, பாரதி மில்களும் போச்சு. அப்பா மில்லை நம்பினார். பிள்ளை சென்னை, பெங்களூர் போய் லேப்டாப்பை நம்பினான். ரெண்டு பேர் விஷயத்திலும் முடிவெடுத்தவன் வேறு, தெருவில் நின்றவன் வேறு.

சட்டம் காப்பாற்றுமா? ஆட்குறைப்புக்கு அரசிடம் முன் அனுமதி வாங்க வேண்டும் என்ற விதி, 100 தொழிலாளர் இருந்தாலே பொருந்தியது. 2025 நவம்பர் 21 முதல் அதை 300 ஆக்கிவிட்டார்கள். அதுவும் தொழிற்சாலை, சுரங்கம், தோட்டத்துக்கு மட்டும்தான். டிசைன் போடுறவருக்கு அந்தக் குடைகூட கிடையாது. ஒரு மெயில் வரும், கதை முடிஞ்சுது.

அதனால்தான் வேலை இழந்து ஊர் திரும்பும் பிள்ளைகள், "நாமே சின்னதா ஒண்ணு ஆரம்பிச்சா என்ன?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி! புவிசார் குறியீடு வாங்கிய வில்லியனூர் சுடுமண் பொம்மையைப் பற்றி உலகத்துக்குச் சொல்ல, அந்தச் சூளைப் புகையில் வளர்ந்தவனைவிட யாருக்குத் தகுதி? பாகூர் அரிசிக்குப் பை வடிவமைக்க மும்பையிலிருந்தா ஆள் வரணும்?

ஆனால் பூசி மெழுக வேண்டாம். வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுப் பணத்துக்கு ஆறு மாசம் அலைந்தால், அது தொழில் அல்ல. பலகை மாட்டிய வேலையின்மை. பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும், தவறினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி என்று 2006ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. கேட்டால் அடுத்த ஆர்டர் போயிடுமோன்னு பயந்து யாரும் வாய் திறப்பதில்லை.

ஆகவே நாம் கேட்பது மூன்று:

1. அரசுத் துறைகளின் விளம்பர, வடிவமைப்பு வேலைகளில் கொம்யூன் அளவிலான சிறு நிறுவனங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும். கோடிக்கணக்கில் வரவு செலவு காட்டச் சொல்லி வாசலிலேயே விரட்டும் நிபந்தனை கூடாது.

2. அரசு தர வேண்டிய பாக்கி 45 நாளில் வர வேண்டும். தாமதித்தால், கேட்காமலே வட்டி சேர வேண்டும்.

3. ஆட்குறைப்புப் பாதுகாப்பு அலுவலக ஊழியர்களுக்கும் வேண்டும்.

நமக்கும் ஒரு கடமை இருக்கு தோழர்களே. நம்ம கட்சிக் கூட்ட நோட்டீஸ், வீடியோ, டிசைன் எல்லாம் உள்ளூர்ப் பிள்ளைகளிடமே கொடுங்க. "அப்புறம் பாத்துக்கலாம் தம்பி" என்று சொல்லாதீங்க. அன்றைக்கே காசைக் கையில் கொடுங்க. ஊருக்கு உபதேசம் செய்றவன் முதல்ல தன் பாக்கியைத் தீர்க்கணும்.

1936 ஜூலை 30ல் பிரெஞ்சுக்காரன் துப்பாக்கிக்கு 12 மில் தொழிலாளர்களைப் பலி கொடுத்து, எட்டு மணி நேர வேலையை வென்ற மண் இது. கையில் தறி இருந்தாலும் லேப்டாப் இருந்தாலும் உழைப்பவன் உழைப்பவன்தான்.

உங்க ஊர்ல வேலை இழந்து திரும்பியவர் இருந்தால், இந்தப் பதிவை அவருக்கு அனுப்புங்க. கூலி பாக்கி இருந்தால் நம்ம கிளை அலுவலகத்துக்கு அழைச்சிட்டு வாங்க. சேர்ந்தே கேட்போம்!

#உழைப்புக்கு_உடனே_கூலி
#வில்லியனூர் #பாகூர்