தூண்டிலும் தோட்டாவும்

தேவதானத்துக்கு மேற்கே, சாஸ்தா கோயில் மலையடிவாரத்து ஓடைகளில் தூண்டில் போட்டுப் பழகியவர்கள், அப்பிரதேசம் 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகவும், 2021-இல் புலிகள் காப்பகமாகவும் பிரகடனம் செய்யப்பட்டபின் விதிகள் இறுகிவிட்டனவே என்று வருந்துவதில் நியாயம் உண்டு. மண்புழு கோத்த முள்ளோடு கரையில் பொறுமையாய் உட்கார்ந்து இரண்டு கெண்டை பிடிப்பவனும், தோட்டாவை எறிந்து மடுவிலுள்ள குஞ்சுகுளுவான் யாவற்றையும் சாகடிப்பவனும் ஒரேவிதக் குற்றவாளிகளாகக் கருதப்படுவது எனக்குச் சம்மதமன்று. நீலகிரிக்கென 1879-ஆம் ஆண்டிலேயே வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் செய்தவர்கள், லைசென்ஸ் பெற்றவன் தூண்டிலிட இடம் வைத்தார்கள். ஆயினும், ஐப்பசி கார்த்திகை மழையில் சினை மீன்கள் புதுவெள்ளத்தை எதிர்த்து மேலேறும் நாட்களில் தூண்டிலும் ஓய்ந்திருக்கவேண்டும். காப்பகத்துக்கு வெளியேயுள்ள கண்மாய்களிலேனும் இவ்வொழுங்கை ஊரார் தாமே இவ்வாண்டே மேற்கொள்ளலாம்.